ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை

ஏன் நின்றுவிட்டது? ஸ்டேஷன் ஒன்றும் காணோமே. ஜன்னல் உங்கள் பக்கம்தானே, கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். சிக்னலா? சிவப்பா? சரி, சிவப்பு என்றால் நிற்கட்டும். நின்றுதான் ஆக வேண்டும், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டு மணிக்கு நான் மதுரையில் பெரிய ஆபீசில் இருக்க வேண்டும். இப்போது மணி என்ன? பத்தே முக்காலா? அப்படியானால் நேரம் இருக்கிறது. இருக்கிறது இல்லையா?

மடியில் வைத்திருப்பது பரீட்சைப் பேப்பரா? அப்போது நீங்கள் டீச்சர். ஸ்தோத்திரம். படித்தவர்கள் யாராவது எதிரே வந்து உட்கார வேண்டும் என்றுதான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். ஆபீசர் முன்னால் போய் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேனே. நீங்கள் பாட்டுக்குத் திருத்துங்கள், காது மட்டும் இங்கே இருந்தால் போதும்.

என் பெயர் சொர்ணபாய். ஊர் சாந்தபுரம். என் மகன் ஆசீர் ரயில்வேயில் டிராக்மேன். தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. போன மாதம் பெருவெள்ளம் வந்ததே, அன்றைக்கு நானூறு பேர் இருந்த வண்டியை அவன்தான் நிறுத்தினான். நிறுத்தாமல் விட்டிருந்தால் வண்டி குளத்துக்குள் போயிருக்கும். அப்படிப்பட்டவனுக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்திருக்கிறார்கள், டீச்சர். இன்றைக்கு விசாரணை. வேலை போனாலும் போகும் என்கிறார்கள். அவன் விடிகாலை வண்டியிலேயே மதுரைக்குப் போய்விட்டான். நான் சாட்சி சொல்ல வருவது அவனுக்குத் தெரியாது. யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. பெற்றவளை யார் கூப்பிட வேண்டும்?

புறப்பட்டுவிட்டது. ஸ்தோத்திரம். ஆனால் ஏன் இப்படி ஊர்ந்து போகிறது?

முறையாகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் தண்டவாளத்தை ஆள் நடந்து பார்க்க வேண்டும். ரோந்து என்பார்கள். இந்த வருஷம் மழை அதிகம் என்று பகலிலும் ரோந்து போட்டிருந்தார்கள். எங்கள் ஸ்டேஷனிலிருந்து ஆசீர் நடப்பான். அடுத்த ஸ்டேஷனிலிருந்து பேச்சிமுத்து அண்ணாச்சி எதிரே நடந்து வருவார். நடுவில் ஓடைப் பாலம். பத்து மணிக்கு ரெண்டு பேரும் பாலத்தில் சந்திக்க வேண்டும். ஆளுக்கு ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். அவர் புத்தகத்தை இவன் வாங்கிக்கொள்ள வேண்டும், இவன் புத்தகத்தை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். வந்த வழியே திரும்பிப் போய் ஸ்டேஷனில் காட்ட வேண்டும். புத்தகம் கைமாறியிருந்தால் ரெண்டு பேரும் பாலம் வரை வந்தார்கள், முழுத் தூரமும் பார்த்தாயிற்று என்று அர்த்தம். நல்ல ஏற்பாடுதான். யார் கண்டுபிடித்தார்களோ, புத்திசாலி.

ஆனால் பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு இளைப்பு. ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாதம். எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது, பாலத்துக்கு அரைக் கிலோமீட்டர் அந்தப் பக்கம், அண்ணாச்சி வருகிற பக்கம். அவர் எங்கள் வாசலைத் தாண்டித்தான் பாலத்துக்குப் போக வேண்டும். முதல் நாள் பார்க்கிறேன், மழையில் நனைந்து, வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். மனசு கேட்குமா?

"அண்ணாச்சி, உள்ள வாங்க. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

"வேண்டாம் தாயி, உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

"எந்திரிக்க வேண்டாம். ஒங்க புஸ்தகத்த எங்கிட்ட குடுங்க. ஆசீர் பாலத்துலேர்ந்து வயக்காட்டு வழியா எட்டு நிமிசத்துல வீட்டுக்கு வந்துருவான். அவன் வாங்கிக்கிடுவான்."

"தப்பு தாயி. பாலம்னா பாலத்துக்குத்தான் போணும்."

"எங்க வச்சு வாங்குனா என்ன அண்ணாச்சி, புஸ்தகம் ஒண்ணுதான?"

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஆசீர் தன் புத்தகத்தை முந்தின நாளே என்னிடம் தந்துவிடுவான். 'பாலம், பத்து மணி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கும். அண்ணாச்சி வருவார், தன் புத்தகத்தை வைப்பார், இவன் புத்தகத்தை எடுப்பார், காப்பி குடிப்பார், திரும்பிவிடுவார். அவர் புத்தகத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நான் ஜெபம் பண்ணுகிற மேஜை டிராயரில் வைப்பேன். பிறகு ஆசீர் வந்து எடுத்துக்கொள்வான்.

அவனுக்கு முதலில் பிடிக்கவில்லை. "ஏம்மா, ஒனக்கு எதுக்கு இந்த வேல?" என்றான். "ஒரு வயசாளிக்கு உதவி செய்யக் கூடாதால? சபைல என்னத்தக் கேட்டுட்டு வாற?" என்று நான் ஒரு அதட்டு அதட்டினேன். பேசாமல் போய்விட்டான். பேசாமல் போவதில் அவன் அப்படியே அவன் அப்பா. அவர் கர்த்தரிடம் போய் ஆறு வருஷம் ஆகிறது, வீட்டில் அந்தப் பேசாமை மட்டும் போகவில்லை.

மழை பிடித்துவிட்டது பாருங்கள். ஜன்னலை இறக்கிவிடட்டுமா? வேண்டாம், வேண்டாம். திறந்தே இருக்கட்டும். கீழே தெரிய வேண்டும். அந்த நாளிலிருந்து வண்டியில் ஏறினால் எனக்குக் கீழே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜல்லி இருக்கிறதா, ஜல்லி இருக்கிறதா என்று. பைத்தியக்காரத்தனம்தான்.

அந்த நாளைச் சொல்கிறேன். நெடுங்குளம் நிறைந்து மறுகால் போய்க்கொண்டிருந்தது. வயல்காடு கடல் மாதிரி கிடக்கிறது, வரப்பே தெரியவில்லை. பாலத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் தண்டவாளம் குளத்தை ஒட்டி உயரமான கரை மேல் போகும். ரெண்டு பக்கமும் முள்ளுமுள்ளாக உடை மரம் அடர்ந்து கிடக்கும், வாசலிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்டிகள் மெதுவாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. அண்ணாச்சி வந்தார், காப்பி குடித்தார், இருமிக்கொண்டே போனார். ஆசீரைக் காணோம். ரெண்டாவது தடவையாகக் காப்பியைச் சுட வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். திடீரென்று உடைமரத்துக்குள்ளிருந்து வெளியே வந்து தண்டவாளத்தில் ஓடுகிறான், டீச்சர். செருப்பில்லை. தொப்பியில்லை. கையில் சிவப்புக் கொடி.

"எய்யா, காப்பி ஆறுது!" என்கிறேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி ஓடுகிறான், அண்ணாச்சி போன திசையில். எனக்குக் கோபம்கூட வந்தது. கொஞ்ச நேரத்தில் டமார், டமார், டமார் என்று மூன்று சத்தம். தண்டவாளத்தின் மேல் வில்லை மாதிரி ஒரு வெடியைக் கட்டி வைப்பார்களாம், சக்கரம் ஏறினதும் வெடிக்கும், டிரைவர் உடனே பிரேக் போட்டுவிடுவார். அப்படித்தான் அந்தப் பாசஞ்சர் வண்டி கிரீச்சென்று இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலுக்கு நேரே நின்றது. எஞ்சின் என் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில். அங்கிருந்து முந்நூறு அடியில் கரையே இல்லை. மண், ஜல்லி எல்லாம் குளத்தோடு போய், ரெண்டு தண்டவாளமும் துணி காயப்போடும் கொடி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இவன் இந்தப் பக்கம் வந்திருக்கிறான்.

நானூறு பேர், டீச்சர். ஜன்னலெல்லாம் குழந்தைகள். வீட்டில் இருந்த ரவை அத்தனையும் கிண்டிக் கொடுத்தேன்.

பாருங்கள், கர்த்தர் எப்படி வழிநடத்தினார் என்று. தினமும் வயல் வழியாக வருகிறவன், அன்றைக்கு வயல் முழுகிவிட்டதால்தானே தண்டவாளம் வழியாக வந்தான்? வந்ததால்தானே கண்டான்? வெள்ளத்தை அனுப்பியவரே வழியையும் அடைத்து இவனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். சபையில் சாட்சி சொன்னேன். எங்கள் போதகர் ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்தார், கூட நாலைந்து பேர். அண்ணாச்சியும் வந்திருந்தார். எல்லாரும் ஆசீர் தோளைத் தட்டுகிறார்கள். எங்கள் வாசலில்தான் நாற்காலி போட்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதிக்கொண்டே, "ரோந்துப் புஸ்தகம் எங்கப்பா?" என்று கேட்டார்.

இவன் சொல்கிறான், "ஓடும்போது தண்ணியில விழுந்துட்டு சார்."

என் பிள்ளை பொய் சொல்கிறான்! ஒருவேளை மறந்துவிட்டானோ, புத்தகத்தைத் தொலைத்தான் என்று கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று உள்ளே ஓடினேன். டிராயரைத் திறந்து, கவரோடு கொண்டுவந்து இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தேன். "பேச்சிமுத்து அண்ணாச்சி புஸ்தகம் இந்தா இருக்கு சார். ஒரு சொட்டுத் தண்ணி படல."

அவர் பிரித்துப் பார்த்தார். 'பாலம், பத்து மணி' என்று இருந்தது, அண்ணாச்சி கையெழுத்தோடு.

"இது எப்படிம்மா ஒங்க வீட்டுல?" என்றார்.

"தெனமும் இங்கதான சார் இருக்கும்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஆசீர், "அம்மா, உள்ள போ" என்றான். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அண்ணாச்சி கோழிக்கூட்டு மேல் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். நான் இளைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அவர்கள் போனபின் ஆசீர் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஒங்கிட்ட யாரும்மா கேட்டா?" அவ்வளவுதான். அதோடு இன்றைக்குப் பத்தொன்பது நாள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெண்டாட்டியிடம், "மெர்சி, அம்மாவச் சாப்பிடச் சொல்லு" என்கிறான். நான் நாலடி தூரத்தில் நிற்கிறேன்! நான் என்ன தப்புச் செய்தேன், நீங்களே சொல்லுங்கள். புத்தகத்தைப் பத்திரமாக வைத்தது தப்பா?

குற்றப்பத்திரிகையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? பொய்யான நேரம் எழுதினான், ரோந்துப் புத்தகத்தை வெளியாள் வசம் விட்டான். வெளியாளாம்! இந்த ஊரில் பெற்ற தாய் வெளியாள்!

அப்புறம் ஒரு கேள்வி போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கும் பாலத்துக்கும் நடுவில் உள்ள அந்த அரைக் கிலோமீட்டர் எத்தனை நாளாக யாரும் பார்க்காமல் கிடந்தது என்று. அன்றைக்கு ஒரு நாள்தான் அப்படி நடந்தது என்று ஆசீர் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். மெர்சி சொன்னாள். மறுபடியும் பொய். அதனால்தான் டீச்சர், நான் கிளம்பினேன். ஆபீசரிடம் நேரில் சொல்லப்போகிறேன். "ஐயா, ஒரு நாள் இல்லை. நாற்பத்து மூன்று நாள் அந்தப் புத்தகம் என் கையில் இருந்தது. நாற்பத்து மூன்று நாளும் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. இதுக்கா தண்டனை?" என்று கேட்கப்போகிறேன். ஓசூரில் இருக்கிற என் மகள் போனில் அழுகிறாள், "அம்மா, நீ போகாத, போகாத" என்று. சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்கு ஆபீஸ் என்றால் பயம்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? திருத்துங்கள், திருத்துங்கள்.

என்ன கேட்டீர்கள்? அந்த அரைக் கிலோமீட்டரை அத்தனை நாளும் யார் பார்த்தார்கள் என்றா? கர்த்தர் பார்த்தார்.

இல்லை, மனுஷர் யாரும் என்றால்... அண்ணாச்சி வீட்டோடு திரும்பிவிடுவார். ஆசீர் பாலத்திலிருந்து வயல் வழியாக வருவான். அப்போது... இருங்கள். நடுவில் இருப்பது கரை. கரையை... இருங்கள் டீச்சர், என்னைக் குழப்பாதீர்கள். அந்த வண்டிகள் எல்லாம் நன்றாகத்தானே போயின? தினம் நாலு வண்டி. பிள்ளைகள் எனக்குக் கை காட்டும், நானும் காட்டுவேன்.

நான் சொன்னால் நாற்பத்து மூன்று நாள் யாரும் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமா? நானே எழுதிக் கொடுத்த மாதிரியா?

ஆண்டவரே.

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா? வேண்டாம், என்னிடமே இருக்கிறது.

அவன் நல்ல பிள்ளை, டீச்சர். ஒழுக்கமானவன். அதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. இந்தா, இந்த நோட்டு. ஜெபக் குறிப்பு. தினமும் யார் யாருக்காக ஜெபம் பண்ணினேன் என்று எழுதி வைப்பேன், தேதி போட்டு. கல்யாணமான நாளிலிருந்து பழக்கம், இது பதினேழாவது நோட்டு. இதை ஆபீசரிடம் காட்டலாம். ஒன்றே ஒன்று. நடுவில் ஆசீரைப் பற்றிக் கொஞ்சம் கெட்டதாக எழுதியிருக்கிறேன். அதை மட்டும் அடித்துவிட்டால் நல்லது. அந்தச் சிவப்புப் பேனாவைத் தருகிறீர்களா? நன்றாக அழுத்தி அடிக்க வேண்டும், வாசிக்க முடியாதபடி.

கெட்டது என்றால்... சொல்ல வெட்கமாக இருக்கிறது. பீடி. பாலத்துக்குக் கீழே பையன்கள் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு சீட்டாடுவார்கள். இவன் பத்து மணிக்குப் பாலத்துக்கு வந்துவிடுகிறான். அங்கே ஒரு விசில் ஊதுவான், எனக்குக் கேட்கும். அங்கிருந்து எட்டு நிமிஷத்தில் வீட்டுக்கு வர வேண்டாமா? பத்தே முக்காலுக்கு வருவான். தினமும். காப்பி பச்சைத் தண்ணீராகிவிடும். எங்கலே போன என்றால் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்பான். நான் வேறென்ன நினைப்பேன்? பீடி வாடை வந்ததில்லை, உண்மைதான். மழை கழுவிவிட்டிருக்கும்.

நீங்களே வாசியுங்கள், கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது. சத்தமாக வேண்டாம், பக்கத்தில் ஆள் இருக்கிறார். 'கார்த்திகை மழை. ஆசீர் முப்பத்தெட்டு நிமிஷம் தாமதம். கையில் முள் கீறல். பேன்ட் முழுக்க உடை முள். காலில் சேறு இல்லை. ஆண்டவரே, இந்தக் கெட்ட சகவாசத்திலிருந்து மீட்டுத் தாரும்.' ஆமாம், அதுதான். அடுத்த பக்கமும் அதேதான். அடுத்ததும். அடியுங்கள், எல்லாவற்றையும் அடியுங்கள்.

ஏன் அடிக்கமாட்டேன் என்கிறீர்கள்?

சேறா? சேறு இல்லை என்றுதானே எழுதியிருக்கிறேன். மழையில் வயல் வழியாக வந்தால் முழங்கால் வரை கரிசல் அப்பியிருக்கும், என் வீட்டுப் படியே பாழாகிவிடும். இவன் காலில் இருக்காது. வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

முள். உடை முள் எங்கே இருக்கிறதா? வயலில் ஏது உடை மரம்? கரையில்தான்.

ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் டீச்சர். என் போனில் மெர்சியைக் கூப்பிட்டுத் தருகிறீர்களா? பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும், முதல் பெயர் அவளுடையதுதான்.

மெர்சி? நான்தான். எங்க இருக்கேன்ங்கறது அப்புறம். ஆசீர் பேன்ட்டுல முள்ளு இருக்கும்லா, ரோந்து நாள்ல? யாரு, நீதான் எடுத்தியா? தெனமுமா? எங்க நடந்தான்? ஒனக்குத் தெரியுமா? மொதல்ல இருந்தேயா? எங்கிட்ட ஏன் சொல்லல? யாரு சொல்லக் கூடாதுன்னா?

சரி. சரி, தாயி. அழாத. வச்சிருதேன்.

கரை மேல்தான் வந்திருக்கிறான். முதல் நாளிலிருந்தே. அண்ணாச்சி நடக்க வேண்டியதையும் சேர்த்து இவனே நடந்திருக்கிறான். குனிந்து குனிந்து, ரெண்டு பக்கமும் இறங்கி இறங்கிப் பார்த்துக்கொண்டு வந்தால் முக்கால் மணி நேரம் ஆகுமாம். அண்ணாச்சி காதில் விழுந்தால் ரோஷப்பட்டு நடந்துவிடுவார், நடந்தால் செத்துப்போவார், அம்மா வாயில் ஒன்றும் நிற்காது என்று மெர்சியிடம் சொல்லியிருக்கிறான். நிற்காதுதான். உங்களிடமே நிற்கவில்லையே. இப்போதும் அந்த மனுஷன் பென்ஷன் போய்விடும் என்றுதான், ஒரு நாள்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

அவன் அப்பா மாதிரி என்றேனே. இல்லை. அவர் கோபத்தில் பேசாமல் இருப்பார்.

நோட்டைத் தாருங்கள். அடிக்கவில்லையே? ஒரு வரியும்? நல்லது. நாற்பத்து மூன்று நாளும் நிமிஷக் கணக்கோடு இருக்கிறது, இல்லையா? ஆபீசர் இதை நம்புவாரா? பெற்றவள் இன்றைக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தாள் என்று சொல்லமாட்டாரா? பெற்றவள் எழுதினால் பீடி குடித்தான் என்று எழுதுவாளா என்கிறீர்கள். அதுவும் சரிதான். அண்ணாச்சி பற்றிக் கேட்டால், நான்தான் போக வேண்டாம் என்று உட்கார வைத்தேன் என்று சொல்லுவேன். அது நிஜம். அதுவும் முதல் நாளே எழுதியிருக்கிறேன், பெருமையாக. அவரை விடுவார்களோ மாட்டார்களோ. எனக்குத் தெரியவில்லை, டீச்சர். ஒன்றுமே தெரியவில்லை.

மறுபடியும் நிற்கிறது. இது எந்த இடம்? திருமங்கலம் தாண்டிவிட்டோமா? அதோ, குடை பிடிக்காமல் ஒருத்தன் தண்டவாளத்தோரம் நடக்கிறான், பாருங்கள். நடக்கட்டும். அவன் முடிக்கிற வரைக்கும் வண்டி நிற்கட்டும்.

நீங்கள் பேப்பரைத் திருத்துங்கள். நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்கிறேன். தூங்கமாட்டேன். நாற்பத்து மூன்று நாள் என் பிள்ளை மேல் கர்த்தரிடம் புகார் கொடுத்திருக்கிறேன், தேதி போட்டு. ஆபீசரைப் பார்ப்பதற்கு முன்னால் அதை ஒவ்வொன்றாக வாபஸ் வாங்க வேண்டும். மதுரை வருவதற்குள் முடியுமா தெரியவில்லை. வந்தால் என்னை எழுப்புங்கள்.